கறுப்பெல்லாம் எண்ணெய் இல்லை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், செயற்கைக்கோள் எடுத்த கடலின் ரேடார் படம் ஒன்றில் பெரிய கறுப்புத் திட்டைப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கசிவு என்று அறிக்கை அனுப்பப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து, "அங்கே காற்று எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால் விநாடிக்கு 2 மீட்டர்கூட இல்லை. அறிக்கையை அழித்துவிட்டேன்.

ரேடாருக்கு எண்ணெய் என்று ஒன்று தெரியாது. கடலின் சொரசொரப்புதான் தெரியும். சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். காற்று கிளப்பிவிடும் சில சென்டிமீட்டர் சிற்றலைகள் அதைத் திருப்பி அனுப்புவதால் கடல் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எண்ணெய்ப் படலம் அந்தச் சிற்றலைகளை அமுக்கிவிடும். கதிர் வழுக்கி வேறு பக்கம் போய்விட, அந்த இடம் கறுப்பாகிறது. இரவானாலும் மேகம் மூடினாலும் படம் கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

சரி, காற்றே இல்லாவிட்டால்? எண்ணெய் இல்லாமலே கடல் கறுத்துக் கிடக்கும். காற்று விநாடிக்கு 10, 12 மீட்டரைத் தாண்டினால் எண்ணெய் உடைந்து நீரில் கலந்து, இருப்பதே தெரியாமல் போகும். போதாததற்கு, நுண்பாசிகள் விடும் இயற்கைப் படலமும் அச்சு அசலாக எண்ணெய் போலவே ஏமாற்றும்.

அதனால் நான் நிறத்தைவிட வடிவத்தைத்தான் நம்புகிறேன். ஓடும் கப்பல் கழிவெண்ணெயைக் கொட்டினால் மெல்லிய நீண்ட கோடு விழும். ஒரு முனை கூர்மையாக இருக்கும்; சில சமயம் அங்கேயே வெள்ளைப் புள்ளியாகக் கப்பலும் நிற்கும். மறுமுனை பழையது, அகன்று கலைந்திருக்கும். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் விதிப்படி, ஓடும் கப்பலின் இயந்திர அறைக் கழிவுநீரில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு எண்ணெய்தான் இருக்கலாம். அந்த அளவில் இப்படி ஒரு கோடு விழாது என்பதால், கோடு தெரிந்தாலே சந்தேகம்தான்.

அப்புறம் ஏஐஎஸ் (கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) பதிவுகளை எடுத்து, எந்தக் கப்பல் அந்த வழியே போனது என்று பின்னோக்கிப் பார்ப்போம். கருவியை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு! 2007 முதல் இயங்கும் ஐரோப்பாவின் கிளீன்சீநெட் சேவை, படம் எடுத்த சுமார் அரை மணி நேரத்தில் எச்சரிக்கை அனுப்புகிறது. அதுவும் 'எண்ணெய்' என்று அடித்துச் சொல்லாது. 'எண்ணெயாக இருக்கலாம்' என்று நம்பகத்தன்மையைத் தரம் பிரித்தே சொல்லும். கனிம எண்ணெயா, சமையல் எண்ணெயா என்பதை ரேடார் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விமானமோ படகோ போய்ப் பார்த்தாக வேண்டும்.

இப்போதெல்லாம் என் அறிக்கையின் முதல் வரியே காற்றின் வேகம்தான்.