சொல் விளக்கம்: கோவிங் எனும் உட்கொடுங்கை

சிங்கப்பூரில் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடுகிறது. பட்டி வைத்துப் பூசினால் சில மாதம் மறைந்திருக்கும், அப்புறம் அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். சுவரும் மேல்தளமும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் அசைவதில்லை. அதனால் அந்த மூட்டு எப்போதும் கொஞ்சம் வாய் பிளக்கத்தான் செய்யும். சரி, மூடிவிடலாம் என்று ஒரு குத்தகையாளரிடம் "கோவ் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.

வந்த விலையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நான் நினைத்தது மூலையில் ஒட்டும் வளைந்த அலங்காரப் பட்டை. அவர் கணக்குப் போட்டிருந்தது, ஜிப்சம் பலகையில் பெட்டி கட்டி உள்ளே எல்.இ.டி. விளக்கை ஒளித்துவைக்கும் வேலை. அவர் மேல் பிழையில்லை. சிங்கப்பூரில் கோவ் என்றால் பெரும்பாலும் அந்த மறைவிளக்குப் பெட்டிதான். நான் தேடியதற்கு இங்கே கார்னிஸ் என்று பெயர். அதையே பிரிட்டனில் கோவிங் என்பார்கள். அங்கே வெறும் குழிந்த வளைவு கோவிங், பூவும் வரியும் செதுக்கியது கார்னிஸ்.

ஒரே மூட்டுக்கு இத்தனை பெயர் இருக்கும்போது தமிழில் என்ன சொல்வது? அகராதியில் கோவ் என்று தேடினால் 'சிறு வளைகுடா' என்று வரும். அதைக் கொண்டுபோய் கூடத்துச் சுவரில் ஒட்ட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'கோஃபா' என்றால் சிற்றறை, குகை. குகையின் உட்குழிவு கடற்கரைக்குப் போய்ச் சிறு குடாவைக் குறித்தது. கட்டடக்காரர்களிடம் வந்து உள்வாங்கிய வளைவைக் குறித்தது. ஆக, கோவிங்கின் உயிர் அந்தக் குழிவில் இருக்கிறது.

கார்னிஸ் இத்தாலிய மொழி வழியாக வந்தது. அதன் வேர் பற்றி ஒரு சாரார் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: லத்தீனில் காகத்தைக் குறிக்கும் 'கார்னிக்ஸ்'. வளைந்த கோட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. காகம் என்றதும் நமக்குப் புறா நினைவுக்கு வரவேண்டும். நம் கோயில் சிற்பிகள் சுவருக்கு மேலே வளைந்து இறங்கும் அந்த விளிம்பைக் கபோதம் என்பார்கள். கபோதம் வடமொழியில் புறா. அங்கே காகம், இங்கே புறா! சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது கருவறை மேலுள்ள விமானத்தை அண்ணாந்து பாருங்கள். நெற்றிபோல் உருண்டு கீழே இறங்கும் விளிம்பு கண்ணில் படும்.

கபோதத்துக்குத் தமிழிலேயே ஒரு பெயர் இருப்பதை எனக்கு நினைவூட்டியவர் என் தாய்மாமன். அறந்தாங்கிப் பக்கம் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே எங்களைப் பார்க்க வந்திருந்தார். நான் வாங்கிவந்த பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே, கொடுங்கையக் கவுத்துப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார்.

கொடுங்கை! 'கொடு' என்றால் வளைந்த என்று பொருள். வளைந்த வாள் கொடுவாள், வளைந்த மரமான வில் கொடுமரம், செங்கோல் வளைந்துபோனால் கொடுங்கோல். கொடுங்கை என்றால் முதலில் மடித்த கை. முழங்கை மடிந்திருப்பதுபோல் கட்டடத்தில் வளைந்து இறங்கும் உறுப்பும் அதே பெயரைப் பெற்றது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கை பேர்போனது. அங்கே கருங்கல்லையே மரச்சட்டம்போலவும் கம்பிபோலவும் ஆணித்தலைபோலவும் இழைத்திருப்பார்கள். அதுபோலச் செய்துதரக் கேட்கக் கூடாது என்று சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே விலக்கு எழுதிக்கொள்வார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கொடுங்கை வெளியே வெயில் மழைக்கு இறங்குவது, புறம் குவிந்தது. கோவிங் வீட்டுக்குள் இருப்பது, அகம் குழிந்தது. கவிழ்த்துப் போட்டது என்று மாமா சொன்னது அதனால்தான். ஆகவே 'உட்கொடுங்கை' என்று நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'அலங்கார விளிம்புப் பட்டை' என்றும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அது கதவுச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும்கூடப் பொருந்திவிடும். வளைவு அதில் இல்லை. விளக்குப் பெட்டியைத் தனியாக 'மறைவிளக்கு மாடம்' என்று சொல்லிவிட்டால் எனக்கு வந்ததுபோன்ற குழப்பம் வராது.

முதல்முறை ஒட்டுகிறவர்களுக்கு நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். வீவக வீட்டுச் சீலிங் ஏறக்குறைய 2.6 மீட்டர் உயரம்தான், அதற்குச் சிறிய பட்டையே அழகு. பிளாஸ்டர் கனமானது, தொடங்குகிறவர்களுக்கு இலேசான நுரைப் பட்டைகளான பாலிஸ்டைரினோ பாலியூரித்தேனோ போதும். நம் ஊர் ஈரக்காற்றில் அவை ஊறுவதும் இல்லை. தூசியைத் துடைத்து, பென்சிலால் கோடு போட்டு, பசை தடவி அழுத்தினால் நிற்கும்.

மூலைதான் சோதனை. 45 பாகையில் அறுக்க மைட்டர் பெட்டி, அதாவது ரம்பம் சாயாமல் போக வெட்டுவழி விட்ட பெட்டி, வேண்டும். பட்டையை அதில் தலைகீழாக வைக்க வேண்டும்: சீலிங்கைத் தொடும் ஓரம் பெட்டியின் அடியில் படும், சுவரைத் தொடும் ஓரம் பெட்டியின் பக்கச் சுவரில் சாயும். நான் நேராக வைத்து அறுத்து இரண்டு துண்டுகளை வீணாக்கினேன். அப்புறம் மாமா ஒரு பேனாவை வாங்கி, ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் 'சுவரோரம்', 'மேலோரம்' என்று எழுதினார். உள்மூலையில் சுவரோரம் நீண்டிருக்க வேண்டும், மேலோரம் குட்டை. தூண் இருக்கும் வெளிமூலையில் அதுவே மாறி மேலோரம் நீளும். எழுதிய பிறகு ஒரு துண்டும் வீணாகவில்லை. மிச்சமிருந்த முடியளவு இடைவெளியில் அவர் நிரப்பியை வைத்து, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டார். மூட்டு எங்கே இருந்தது என்று இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.