வாடை யாருக்குக் குளிர்கிறது?

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் விடைத்தாள்: "வாடை பிரிவுத் துயரின் குறியீடு. இருள் கவலையின் குறியீடு. மழை கண்ணீரின் குறியீடு." மூன்றும் ஏதோ ரியூட்டில் (ரியூசன் குறிப்புத் தாளில்) இருந்து இறங்கியவை. அடுத்த தாளிலும் அதே மூன்று. எந்தக் கவிதைக்கும் இவை பொருந்திவிடும், அதுதான் கோளாறு.

மட்டக்களப்பில் தமிழ் படிப்பிக்கிற நான் மாரி தொடங்கியதும் வாடைக் குளிர்காற்றைப் பாடும் சங்கப் பாட்டான நெடுநல்வாடையை எடுப்பேன். நக்கீரர் பாடியது, 188 அடி. முதல் வாசிப்பு முடியும்வரை 'குறியீடு' என்ற சொல்லுக்கு வகுப்பில் தடை.

தொடக்கத்திலேயே, வெள்ளம் வெறுத்துப்போன கோவலர் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டுகிறார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரும்போக நெல் விதைப்புக்கு மாட்டுப் பட்டிகள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். (இங்கே வேளாண்மையைக் காக்கப் போகின்றன. காரணம் வேறு, நடை ஒன்று.)

பிறகு விலங்குகள். மா (விலங்கு) மேய்ச்சலை மறக்கிறது, மந்தி ஒடுங்குகிறது, பறவை இருந்த இடத்திலிருந்து விழுகிறது, கறவை கன்றை அண்டவிடாமல் உதைக்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் "குன்று குளிர்ப்பன்ன", மலையே குளிர்வது போல, என்று வருகிறது. பலர் 'உயர்வு நவிற்சி' (மிகைப்படுத்தல்) என்று எழுதிவிட்டு நகர்வார்கள். ஒரு வருசம் பின்வாங்குப் பொடியன் ஒருவன் சொன்னான்: "சேர், எங்கட பட்டியிலயும் அடைமழைக்குக் கண்டு குடிக்கப் போனா மாடு உதைக்கும்." உயிருள்ளவை நான்கையும் நடுங்க வைத்த பிறகு கல்லையும் நடுங்க வைக்கிறார் புலவர். அந்த வரிசைதான் உவமையை நம்ப வைக்கிறது. ரியூட்டில் அது இல்லை.

ஊருக்குள் வந்தால், குளிரைக் காட்டுவது கைவிட்ட பொருட்கள். கன்னல் என்ற நீர்ப் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தும் குடிப்பாரில்லை. சுருக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. வெயில் தெரியாததால் பித்திகை (பிச்சிப்பூ) மொட்டு விரிந்து மணந்த பிறகே பெண்கள் மாலை என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

ஆங்கிலக் குளிர்காலக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படிக்கும்போது இன்னொரு வழுக்கல். 'பனி' என்றதும் நம் பிள்ளைகள் காண்பது விடியப் புல்லில் நிற்கும் மார்கழிப் பனி, வெயில் ஏற மறைவது. அங்கே கொட்டுவதோ கூரையை மூடிக் கிழமைக்கணக்கில் கிடப்பது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நெடுநல்வாடையின் முடிவு பாசறை. நள்ளிரவில், போருக்கு வந்த அரசன் காயம்பட்ட வீரரைப் பார்க்கப் போகிறான். விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. ஏன் தெற்கு? வடக்கிலிருந்து அடிப்பது வாடை. கோவலரை நடுக்கிய அதே காற்று. அரண்மனையில் தனித்திருக்கும் அவன் தேவிக்கு அது முடியாத நெடுவாடை, வெல்லப் போகிறவனுக்கு நல்வாடை என்று பெயருக்கு உரைகாரர் விளக்கம் தருகிறார்கள்.

அந்த விடைத்தாளில் முதல் வரிக்குக் கீழே சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: "அப்படியானால் அரசனுக்கு ஏன் நல்ல வாடை?"