மூன்று மணிக்கு வடித்த சோறும் எழுபது வளைவுகளும்

பள்ளிச் சுற்றுலா முடிந்து திரும்பும் பேருந்தில், மாலை நான்கு மணிவாக்கில் ஐந்தாறு பிள்ளைகள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தால் ஆசிரியர்கள் முதலில் சொல்வது, "மலை வளைவு ஒத்துக்கலை." பல சமயம் அது சரிதான். சில சமயம் மலைமேல் பழி போடுவது தப்பு. வினை அன்று விடியற்காலை சமையலறையிலேயே ஆரம்பித்திருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், எது எதுவென்று பிரித்தறியத் தெரிந்த ஒருவராவது பேருந்தில் இருக்க வேண்டும்.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். கரூர், சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகள் ஒரே நாளில் போய்வரும் இடம். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு பிள்ளையின் உடம்பைச் சோதிக்க நினைத்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சோறு

விடியற்காலை 5 மணிக்குப் பேருந்து என்றால் 3 மணிக்குச் சோறு வடிப்பார்கள். சாப்பாடு மதியம் ஒன்றரைக்கு. நடுவில் பத்தரை மணி நேரம்.

அரிசியோடு கூடவே வரும் கிருமி ஒன்று உண்டு: பேசில்லஸ் சீரியஸ். உலை கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். சூடு இறங்கி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகும், பெருகும்போது நச்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு பிரஷர் குக்கரின் 121 டிகிரி சூட்டையும் தாங்கும். "திரும்ப நல்லா சூடு பண்ணித்தான் கொடுத்தோம்" என்பது அதனால் ஒரு பாதுகாப்பே அல்ல. சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். வாசனையிலோ ருசியிலோ மாற்றமும் தெரியாது.

பெரும்பாலும் தப்பு நடப்பது சோற்றை ஆற வைப்பதில்தான். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கிராம் என்று 4 கிலோ அரிசி போட்டால், வெந்தபின் 10 கிலோவுக்கு மேல் சோறு. அதை ஒரே குண்டானில் மூடி வைத்தால் மேல்சோறு ஆறிவிடும். நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு வேண்டியதும் அதுதான். வீட்டில் சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடுவதும் இதன் சின்ன வடிவம். தாம்பாளத்திலோ வாழை இலையிலோ இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கடியில் ஆவி முழுக்க அடங்கவிட்டு, உடனே கலந்து கட்டுங்கள்.

எதைக் கலப்பது என்பதில் நம் பாட்டிமார்களுக்கு அறிவியல் தெரிந்திருந்தது. கட்டுச்சோறு என்றால் புளியோதரை என்று வைத்தது ருசிக்காக மட்டுமல்ல. நல்ல புளிப்பில் இந்தக் கிருமி வளர முடியாது. நல்லெண்ணெய்தான் கெடாமல் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது புளிப்பும் உப்பும். ஆகவே காரம் தாங்காத பிள்ளைக்கு மிளகாயைக் குறையுங்கள், புளியைக் குறைக்காதீர்கள். கிளறிய சோற்றில் அங்கங்கே வெள்ளைக்கட்டி தெரிந்தால், அந்த இடம் புளியோதரை அல்ல, வெறும் பழைய சோறு. வடித்த சோற்றைக் காலைவரை போட்டு வைத்துக் கடைசியில் புளிக்காய்ச்சல் கலந்தாலும் பயன் இல்லை. அதற்குள் உண்டான நச்சைப் புளி முறிக்காது.

தயிர்சாதத்துக்குப் பால் நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் விடும் வழக்கம் உண்டு, மதியத்துக்குள் புளிக்காமல் இருக்க வேண்டுமே என்று. ஆனால் முதல் சில மணி நேரத்துக்கு அது வெயிலில் வைத்த பால்சோறுதான். பயணத்துக்குக் கெட்டித் தயிர் அதிகமாகவும் பால் குறைவாகவும் இருக்கட்டும். பிள்ளை கொஞ்சம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பட்டாணி, பனீர் போட்ட சாதங்கள், தேங்காய்ச் சட்னி, முட்டை மசாலா எல்லாம் பத்து மணி நேரப் பயணத்துக்கு ஆகாது. கிளறுவது கரண்டியாலேயே நடக்கட்டும். கையில் வெட்டுக்காயமோ நகச்சுற்றோ இருக்கும் ஒருவர் கையால் பிசைந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி சோற்றில் ஏறும். அதன் நச்சும் சூட்டுக்கு அடங்காது.

எந்த வாந்தி?

வளைவு வாந்திக்கு முன்னறிவிப்பு உண்டு. பிள்ளை பேச்சைக் குறைக்கும், கொட்டாவி விடும், எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், நெற்றி வேர்க்கும். வண்டி நின்று காற்று பட்டால் கால் மணி, அரை மணியில் தேறிவிடும். வயிற்றுவலி, பேதி, காய்ச்சல் இருக்காது.

சோற்று நச்சு அப்படியல்ல. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கும். வண்டி நின்றாலும் நிற்காது. வயிற்றைப் பிடித்து இழுக்கும். முக்கியமாக, ஒரே டப்பாவைப் பகிர்ந்து தின்ற தோழிகள், ஒரே குண்டானில் சாப்பிட்ட வகுப்பு என்று கூட்டமாக விழும். ஒன்றரைக்குச் சாப்பிட்டு நான்கு மணிக்கு மலை இறங்கினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குழப்பும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: காலையில் ஏறும்போதும் இந்தப் பிள்ளைக்கு வாந்தி வந்ததா? அதே 70 வளைவுகளைக் காலையில் சிரித்துக்கொண்டே கடந்த பிள்ளைகள் மாலையில் வரிசையாகச் சாய்ந்தால், சாப்பாட்டைச் சந்தேகியுங்கள்.

வளைவு வாந்திக்குக் காரணம், உடல் சாய்வதைக் காது உணர்கிறது, முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கும் கண் அதை மறுக்கிறது. இந்தச் சண்டையில் அதிகம் மாட்டுவது இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள். பின்சீட்டுக்கு அனுப்பாமல் முன்பக்கம் உட்கார வைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னாலே பாதி அடங்கும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை தேவையென்றால் மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்ததை, வளைவு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். வீட்டில் மீதமிருக்கும் ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் பலர். அது நச்சுணவு வாந்திக்குக் கேட்கும். பயண வாந்திக்குப் பெரிதாகக் கேட்காது.

எந்த வாந்தியானாலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. உறையில் போட்டிருக்கும் அளவைப் பார்க்காமல் பெரிய பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். தாகத்தில் மடக்மடக்கென்று குடித்தால் மறுபடி வரும். வாந்தி பச்சையாக வந்தாலும், இரத்தம் கலந்தாலும், பிள்ளை துவண்டு கூப்பிட்டதற்குப் பேசாவிட்டாலும், ஆறெட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் ஊர் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

படியும் பையும்

ஆகாயகங்கைப் படிகளில் இறங்குவது சுலபம். ஏறுவதில்தான் இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை திணறும். அந்த நேரம் இன்ஹேலர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மேலே நிற்கும் பேருந்தில், ஆசிரியர் பையில். அது பிள்ளையின் கால்சட்டைப் பையிலோ கழுத்துப் பையிலோ இருக்க வேண்டும், கூடவே ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் குழல்). இளைப்பு வந்தால் உட்கார வைத்து, ஒரு பஃப் அழுத்தி ஐந்து மூச்சு, மறுபடி ஒரு பஃப் என்று நான்கிலிருந்து பத்துவரை கொடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் 108. மலையில் சிக்னல் போய்விடும் இடங்கள் உண்டு என்பதால் ஓர் ஆசிரியர் மேலேயே, பேருந்துப் பக்கம் நிற்பது நல்லது.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இந்த நாள் இரட்டை ஆபத்து: இரவு சரியாகத் தூங்கியிருக்காது, அவசரத்தில் காலை மாத்திரையும் விட்டிருக்கும். இன்சுலின் போடும் பிள்ளைக்கு நடை கூடினால் சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், வேர்வை, எரிச்சல் தெரிந்ததும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

ஆசிரியர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று: பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் காலை 5 மணியிலிருந்து வாயை நனைக்காமல் இருப்பார்கள். மதியம் தலைவலி, மயக்கம், மறுநாள் நீர்க்கடுப்பு. "தண்ணி குடிங்க" என்று மைக்கில் சொல்லிப் பயனில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்துவோம், அங்கே கழிப்பறை உண்டா என்று முதல்நாளே சொன்னால் அவர்களாகவே குடிப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கிறது என்பதையும் ஓர் ஆசிரியை சத்தமாகவே சொல்லிவிடலாம்.

தண்ணீர்

மேலே சொன்னவை பிள்ளையைப் படுக்க வைக்கும். தண்ணீர் திருப்பியே தராது. 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்குப் போய்விட்டு கரூர் பக்கத்து மாயனூர் கதவணையைப் பார்க்க வந்த நான்கு பள்ளி மாணவிகள் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் போனார்கள். ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றிய படகு அது. எல்லோருக்கும் உயிர்காப்பு உடை இல்லை. கொல்லிமலையின் வாசலூர்பட்டிப் படகு இல்லமானாலும் வேறெதுவானாலும், உடையின் பட்டை எல்லாப் பிள்ளைக்கும் மாட்டியிருக்கிறதா என்று தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

கதவணைக்குக் கீழே தண்ணீர் அமைதியாகத் தெரியும். கதவு வழியே பாயும் நீர் அடிமணலை அரித்து மடு தோண்டியிருக்கும். மணல் அள்ளிய குழிகளும் இருக்கும். கணுக்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியில் ஆளுயரம். ஒருத்தி வழுக்கினால் கைகோத்த தோழிகளும் போவார்கள். ஆற்றில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கவே கூடாது என்பதுதான் எங்கள் கருத்து, முழங்கால் ஆழம்வரை என்ற சலுகைகூட வேண்டாம். அருவியில் நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ மேலே மழை என்று பொருள். அந்த நிமிடமே கரையேற்றுங்கள்.

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையும் ஆட்டாது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும், அவ்வளவுதான். யாரும் குதிக்காமல் எறியுங்கள்: கயிறு, முடிச்சிட்ட துப்பட்டாக்கள், மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன். பேருந்தில் எப்படியும் காலி கேன் இருக்கும். ஒன்றை மட்டும் கயிறு கட்டி இறக்கி வையுங்கள்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவதும் தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நடக்கின்றன. வயிற்றுத் தண்ணீர் வெளியே வருவதால் நுரையீரலுக்கு ஒரு பயனும் இல்லை. வந்தது மூச்சுக்குழலுக்குள் போகும். சமதரையில் மல்லாத்தி, மூச்சில்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் ஊதுங்கள். அப்புறம் நெஞ்சுநடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு ஆழம்.

தலை எண்ணுவதில் ஒரு சின்னத் திருத்தம்: நாற்பது தலை என்று எண்ணினால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, "உன் ஜோடி எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இரவு வீடு திரும்பும் பிள்ளையிடம் தண்ணீரில் விழுந்தாயா என்று கேளுங்கள். விழுந்து தண்ணீர் குடித்து, இருமல் நிற்காமலோ மூச்சு வேகமாகவோ இருந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி இருந்தால் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ வேண்டாம். மீந்த சோற்றோடு அப்படியே மூடி, ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.