மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது: "அப்படியேதான் இருக்கு டாக்டர்." முந்தின நாள் ராத்திரி தூங்கவிடாத வலி, அதற்கு முன்னால் இருந்த நல்ல வாரங்களை மறக்கடித்துவிடும். உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். இதை வைத்து நான் மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

அதனால்தான் நோட்டு போடச் சொல்கிறேன். 'வலித்தது' என்று எழுதினால் போதாது, மணியை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விரல் இறுக்கம் எத்தனை மணிக்கு விட்டது? அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டினால், மூட்டுக்குள் அழற்சி அடங்கவில்லை என்று சந்தேகப்படுவேன்.

மல்லித் தோட்டத்துக்குப் போகும் ஓர் அம்மா மணியே எழுதவில்லை. 'இன்னைக்கு மொக்கு கிள்ள வரல', 'இன்னைக்கு வெள்ளனப் போயிட்டேன்' என்றுதான் எழுதியிருந்தார். பொழுது விடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. மருந்து மாற்றிச் சில வாரம் கழித்து 'வெள்ளன' அடிக்கடி வர ஆரம்பித்தது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைவிட அது எனக்குத் தெளிவாகப் பேசியது. எழுதத் தெரியாதவர்கள் தினசரி காலண்டரில் ஒரு கோடு போட்டாலும் சரி.

மருந்துக்கு ஒரு பக்கம் கண்டிப்பாக வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை. மறந்துபோய் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை மட்டும் டிக் அடியுங்கள்.

சாப்பாட்டையும் எழுதலாம், ஆனால் ஒரே நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். கத்தரிக்காயை வாயு என்று பயந்து வருஷக்கணக்கில் ஒதுக்கியவர்கள் நம் ஊரில் நிறைய. சில மாதம் எழுதிப் பார்த்தால், சாப்பிட்ட நாளுக்கும் வலித்த நாளுக்கும் சம்பந்தமில்லை என்பது பலருக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் எனக்காக. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து உங்களுக்காக எழுதுங்கள்: கோபம், மகளின் கல்யாணச் செலவு, சாம்பார் வாளியைத் தூக்க முடியாத அவமானம், எதுவானாலும். 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ளவர்களில் ஒரு பகுதியினர், வாழ்க்கையில் தங்களை மிகவும் வருத்தியதைப் பற்றி மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்களுக்கு நோயின் கடுமை குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், பின்னால் வந்தவை எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. மாத்திரைக்குப் பதில் இது என்று நான் சொல்லவே மாட்டேன். செலவில்லாத துணை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கங்களை நான் படிக்கமாட்டேன். வீட்டில் யாரும் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எழுதியதும் கிழித்துப் போடுங்கள்; வெளியே கொட்டுவதுதான் முக்கியம், பத்திரப்படுத்துவது அல்ல. எழுதிய அன்று மனசு கொஞ்சம் கனமாக இருக்கும், அப்புறம் தெளியும். நாளாகியும் தெளியாமல், வாழ்ந்து என்ன பயன் என்றே எழுத வருகிறதா? உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது 14416க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.