காரம் நிற்கும், மணம் ஓடிவிடும்

சித்திரை மாதத்து மதியம். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற வேனின் பின்கதவைத் திறந்தோம். மல்லி, சீரகம், பெருங்காயம், சாம்பார்ப் பொடி எல்லாம் கலந்த மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. "ஆகா, என்ன வாசம்!" என்றார் அத்தை. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அது ராத்திரி குழம்பில் மணக்க வேண்டிய மணம். மூக்குக்கு வந்துவிட்டதென்றால் டப்பாவை விட்டுப் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

சித்தப்பாவின் பழைய வேனில் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு சின்னச் சமையலறை அமைத்திருக்கிறோம். இரண்டு அடுப்பு, ஒரு மேடை, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு பெட்டி. ராமேஸ்வரம், கொடைக்கானல், குலதெய்வம் கோயில் என்று வருடத்துக்கு நாலைந்து பயணம் போவோம். மளிகை கட்டுவது என் பொறுப்பு. வீட்டு அடுப்படிக்கு வாங்குவதுபோல வேனுக்கும் வாங்கக் கூடாது என்பது அந்த மதியம்தான் எனக்குப் புரிந்தது.

நாம் "மசாலா" என்று சொல்வதற்குள் இரண்டு வேறு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று காரம், இன்னொன்று மணம். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின், மிளகின் காரத்துக்குப் பைப்பரின். இரண்டும் கனமான மூலக்கூறுகள். சாதாரண வெயிலுக்கு ஆவியாகிப் பறந்துவிடாது. மணம் தருபவை அப்படியில்லை. மல்லியில் லினலூல், மிளகில் பைனீன், சீரகத்தில் குமின்ஆல்டிஹைடு என்று எல்லாமே சிறிய, லேசான மூலக்கூறுகள். காற்றில் எழுந்து வந்தால்தானே மூக்கில் படும்? பறக்கும் குணம் இருப்பதால்தான் அவை மணக்கின்றன, அதே குணத்தால்தான் தீர்ந்தும் போகின்றன.

ஒரு வருடம் கிடந்த மிளகாய்த்தூளைப் பாருங்கள். நிறம் வெளுத்து, வாசனை போய், மண் மாதிரி இருக்கும். ஆனால் நாக்கில் வைத்தால் எரியும். வாசனை இல்லையே என்று கூட ஒரு கரண்டி போட்டால் குழம்பு காரத்தில் தூக்கிவிடும், மணம் மட்டும் வராது. பயணத்தில் "காரமா இருக்கு, ஆனா ருசி இல்ல" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

வேனுக்குள் இந்த ஓட்டம் இன்னும் வேகமாக நடக்கும். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி வரைகூட வெப்பம் ஏறிவிடும். மதுரையில் கோடையில் 38 டிகிரி என்பது சாதாரணம். அப்படியானால் உள்ளே 58. வெப்பம் 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. வீட்டு அலமாரியில் 28 டிகிரியில் இருப்பதை 58 டிகிரிக்குக் கொண்டுபோனால் மூன்று முறை இரட்டிப்பு, அதாவது எட்டு மடங்கு. அந்தக் கணக்கில், அதே சூட்டில் ஒரு முழு நாள் காய்வதும் ஒரு வாரம் வீட்டில் இருப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கீழமாசி வீதியில் நான் வாடிக்கையாக வாங்கும் கடை அண்ணாச்சி, "வண்டியில கொண்டுபோகவா தம்பி? அப்பப் பொடியெல்லாம் வேணாம். முழுசா வாங்கிட்டுப் போங்க, கூட ஒரு சின்ன உரலையும் போட்டுக்கங்க" என்றார். அனுபவத்தில் சொன்னது. அதன் பின்னால் சுத்தமான கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மேற்பரப்பு 60. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பொடியாக்கினால் 600. எடை அதேதான், காற்று தொடும் இடம் மட்டும் நூறு மடங்கு. அதோடு மல்லி, சீரகத்துக்குள் எண்ணெய் தனித்தனி நுண்குழாய்களில் அடைபட்டிருக்கிறது. மிளகில் அது சின்னச் சின்ன அறைகளில் இருக்கிறது. அரைக்கும்போது எல்லா அறைகளையும் நாமே உடைத்துத் திறந்துவிடுகிறோம். விதையின் தோலைவிட நல்ல டப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடுகு இன்னும் ஒரு படி மேல். அதன் நெடி விதைக்குள் இன்னும் உருவாகவே இல்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நசுக்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து அந்த மூக்கைத் துளைக்கும் நெடி பிறக்கும். தாளிப்பில் நடப்பது வேறு. சூடான எண்ணெயில் விதைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கிறது, நொதியும் அந்தச் சூட்டில் செத்துவிடுகிறது. அதனால்தான் தாளித்த கடுகில் நெடி இல்லாமல் பருப்பு வறுத்த வாசனை வருகிறது. பறந்துபோக மணமே இன்னும் பிறக்காததால், வெயிலில் நின்ற வேனிலும் கடுகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பெருங்காயம் நேர் எதிர். அதன் கந்தகச் சேர்மங்கள் பிளாஸ்டிக் டப்பாவையே ஊடுருவும். எண்ணெயில் கரையும் இத்தகைய சிறு மூலக்கூறுகள் பாலித்தீனிலும் கரைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஒருமுறை கொடைக்கானல் போய்ச் சேர்ந்து விடிகாலைக் குளிரில் போட்ட காபி பெருங்காயமாக மணந்தது. இரண்டும் ஒரே பெட்டியில், இரண்டும் பிளாஸ்டிக் டப்பாவில். அன்று முதல் கட்டிப் பெருங்காயம், அதுவும் இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில்தான்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் கவனித்தேன். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூடி சரியில்லாத டப்பா உப்பாது, மூச்சு விடும். மலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மணத்தையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். இறங்கும்போது வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். மலை ஏறாவிட்டாலும் இது தினமும் நடக்கும். 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் டப்பாவுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 8 சதவீதம் விரியும். மதியம் ஒரு மூச்சு வெளியே, ராத்திரி ஒரு மூச்சு உள்ளே. டப்பாவில் பாதிதான் பொடி, மீதி காற்று என்றால் அந்த மூச்சும் பெரிதாக இருக்கும். அதனால் சின்னப் புட்டிகளாக எடுத்து, கழுத்துவரை நிரப்புங்கள்.

ஈரம் என்றதும் உப்பைச் சொல்லியாக வேண்டும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்னாலேயே இழுக்கத் தொடங்கிவிடும். ராமேஸ்வரத்துக் கடல்காற்றில் ஒரே ராத்திரியில் உப்பு ஜாடி சொதசொதவென்று ஆகிவிடும். உப்பு கெடுவதில்லை, ஆனால் கசியும் உப்புநீர் பட்டால் பக்கத்தில் திறந்திருக்கும் மிளகாய்த்தூளும் ஈரமாகிவிடும். இதற்காகவே பாட்டி காலத்து அஞ்சறைப்பெட்டியை வேனில் ஏற்றுவதில்லை. அசையாத வீட்டுக்கு அதைப்போல அருமையான பொருள் கிடையாது. ஆனால் மேலூர் தாண்டி நாலு வேகத்தடை ஏறி இறங்கினால் கடுகு உளுந்துக்குள்ளும், சீரகம் மஞ்சளுக்குள்ளும் குடிபோய்விடும்.

மிளகாய் வாங்கும்போது ராமநாதபுரம் முண்டு வற்றலைத்தான் நான் எடுப்பது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம். ஒன்றைக் காதருகே பிடித்து ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வேண்டாம். ஈர வற்றலை மூடிய வெப்பத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் விடும் அஃப்லாடாக்சின் நஞ்சு சமைத்தாலும் முழுதாக அழியாது. இதே காரணத்துக்காகத்தான் கொதிக்கும் சட்டிக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் கெஞ்சுவேன். ஆவி நேராக டப்பாவுக்குள் போய்விடும். உலர்ந்த கரண்டியால் எடுத்துப் போட்டால் போதும்.

அப்புறம் புளிக்காய்ச்சல். வழிப்பயணத்துக்கு ஏற்ற தீர்வு இது. கிருமிகளுக்கு ஒத்துவராத புளிப்பு, தண்ணீரைக் கட்டிவைக்கும் உப்பு, வற்ற வற்றக் கொதித்ததால் குறைந்த ஈரம், மேலே காற்றுப் படாமல் நல்லெண்ணெய். மணமெல்லாம் எண்ணெயில் கரைந்து உள்ளேயே நிற்கும். பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் முழுசாக ஒரு சிறு புட்டியில் அடங்கிவிடும். போடி வழியாகப் போனால் ஏலத்தை அங்கேயே வாங்கிக்கொள்வோம்.

இப்போது நாலு பேர், நாலு நாள் என்றால் மல்லி 100 கிராம், வற்றல் 100, சீரகமும் மிளகும் ஐம்பது ஐம்பது, கடுகு 50, மஞ்சள்தூள் ஒரு சின்னப் புட்டி. பொடியாக எடுப்பது அது ஒன்றைத்தான், அதுவும் வெளிச்சம் படாத எவர்சில்வரில். மேல்தட்டைக் காலி செய்துவிட்டேன், கூரைத்தகடு காய்ந்தால் முதலில் சுடுவது அந்த இடம்தான். என்ஜின் பக்கமும் கிடையாது. மசாலாப் பெட்டி இப்போது பின்கதவை ஒட்டித் தரையில், தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில் இருக்கிறது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், மதியம் முழுக்க அந்த மூலை மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாகவே கிடக்கும்.