மெத்தென்ற ஷூ: எங்கே உதவும், எங்கே காலை வாரும்?

ஷூ கடையில் எல்லோரும் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஷூவுக்குள் கட்டைவிரலை விட்டு அமுக்கிப் பார்ப்பது. விரல் புதைந்தால் 'நல்லா குஷனா இருக்கு' என்று பில் போடச் சொல்லிவிடுகிறோம். அந்த விரல் தொட்டது இன்சோல் எனப்படும் 4, 5 மி.மீ. தட்டையை மட்டுமே. 70 கிலோ உடம்பு ஏறி நின்றால் அது அப்பளமாகிவிடும். 'மெமரி ஃபோம்' என்று பெரிதாக அச்சடித்து விற்கும் பல ஷூக்களின் சுகம் இந்தத் தட்டையோடு முடிந்துபோகிறது. சில மாதங்களில் குதிகால் விழும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும்.

அதிர்வைத் தாங்கும் உண்மையான வேலை மிட்சோலுடையது. மேல்துணிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவே, பக்கவாட்டில் தடித்த பட்டையாகத் தெரிகிறதே, அதுதான். ஷூவின் குணத்தை முடிவுசெய்வது இந்தப் பட்டை.

பெரும்பாலான ஷூக்களில் இது ஈ.வி.ஏ. என்ற ஃபோம். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதன் நுண்ணிய காற்றறைகள் நாள்பட நசுங்கிக் கெட்டிப்படும். பாலியூரித்தேன் கனமானது, நீண்ட நாள் தாங்கும். அதற்குப் பகை ஈரக்காற்று. சென்னை போன்ற கடலோர ஊரில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த பாலியூரித்தேன் சோல், சில ஆண்டுகளில் ஈரத்தால் ரசாயன மாற்றமடைந்து, போட்டு நடந்த முதல் நாளே பொடிப்பொடியாக உதிர்வது உண்டு. தள்ளுபடி விற்பனையில் வாங்கும்போது பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி. ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம், ஆண்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மூன்றாவது வகை, சிறு மணிகளை ஒட்டவைத்தது போலத் தெரியும் டி.பி.யு. ஃபோம். அடிடாஸ் 2013-ல் 'பூஸ்ட்' என்ற பெயரில் பரவலாக்கியது இது. எளிதில் தொய்யாது, சற்றுக் கனம். பந்தய ஷூக்களில் வரும் பீபா ஃபோம் மிக லேசானது, நன்றாகத் துள்ளும், விலையும் அதிகம். நடைப்பயிற்சிக்கு அதுவும் வேண்டாம், உள்ளே வைக்கும் கார்பன் தகடும் வேண்டாம்.

எவ்வளவு குஷன் தேவை என்பது, கால் தரையில் எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைப் போல ஏறக்குறைய 1.2 மடங்கு. ஓடும்போது 2 முதல் 3 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் நடந்தால் சுமார் 84 கிலோ, ஓடினால் 140-லிருந்து 210 கிலோ. நடப்பவருக்குக் குதிகால் பக்கம் 25 முதல் 32 மி.மீ. தடிமன் தாராளம். சாலை ஓட்டப் பந்தயத்துக்கே உலகத் தடகள அமைப்பு 40 மி.மீ. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதையும் தாண்டிய சோலை மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்!

தடிமனோடு இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். குதிகால் பக்கத்து உயரத்துக்கும் முன்பாதத்து உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்கிறார்கள். 0 முதல் 12 மி.மீ. வரை வரும். டிராப் குறையக் குறைய கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் அதிகம் உழைக்கும். கூடக் கூட அந்தச் சுமை குறைந்து முழங்கால் பக்கம் நகரும். வருடக்கணக்கில் 10 மி.மீ. டிராப் ஷூவில் நடந்தவர் ஒரே நாளில் 0 டிராப்புக்குத் தாவினால், இரண்டு மூன்று வாரத்தில் குதிநாண் வலியோடு வந்து நிற்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வாரம் தினம் 10 நிமிடம், பிறகு வாரம் 5, 10 நிமிடமாகக் கூட்டிப் போவது பாதுகாப்பு. மற்ற நேரத்துக்குப் பழைய ஷூவே இருக்கட்டும்.

ஜிம்மில் ஏன் கணக்கு மாறுகிறது?

ஃபோம் என்பது அழுத்தினால் அமுங்கும் பொருள். முன்னோக்கி, ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான முறை விழும் காலுக்கு அந்த அமுக்கம் வரம். தோளில் பார்பெல் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும்போது அதுவே ஆபத்து. 70 கிலோ உடம்பு, 80 கிலோ பார்பெல், ஆக 150 கிலோ அந்த மெத்தை மேல் நிற்கிறது. எடை இம்மியளவு உள்பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்க ஃபோம் கூடுதலாக அமுங்கும். கணுக்கால் உள்ளே சரியும், முழங்காலும் கூடவே உள்நோக்கி வரும். தரையைத் தள்ள வேண்டிய விசையில் ஒரு பகுதி ஃபோமை நசுக்குவதிலேயே போய்விடும். ஷூவுக்கும் கேடுதான்: ஒரு பக்கமாகவே திரும்பத் திரும்ப நசுங்கிய மிட்சோல் பிறகு முழுதாக நிமிராது. அதே ஷூவில் வாக்கிங் போனால் சாய்ந்த தரையில் நடப்பதுபோல் கால் விழும்.

தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கும் டெட்லிஃப்ட்டுக்கு மெல்லிய, தட்டையான, கெட்டியான அடி வேண்டும். சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையே இல்லை. ஸ்குவாட்டில் ஆழமாக உட்காரும்போது குதிகால் தரையைவிட்டு எழும்புகிறவர்கள், குதிகாலுக்கு அடியில் எடைத் தட்டை வைத்துக்கொள்வதைப் பல ஜிம்களில் பார்க்கலாம். கணுக்கால் போதுமான அளவு மடங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். பளுதூக்கும் ஷூக்களில் குதிகால் 19 மி.மீ. அளவுக்கு உயர்த்தப்பட்டிருப்பது இதற்காகத்தான். அந்த உயரம் மரமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ போல இறுகியிருக்கும், துளியும் அமுங்காது.

ஜும்பா, பக்கவாட்டுத் தாவல், தரையில் விரித்த ஏணிக் கட்டங்களில் கால் மாற்றித் தாவும் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு. ஓட்ட ஷூ முன்னோக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டது: உயரமான அடி, மெல்லிய வலைத்துணி. பக்கவாட்டில் கால் ஊன்றினால் பாதம் துணியைத் தள்ளிக்கொண்டு சோலின் விளிம்புக்கு நழுவும், கணுக்கால் பிசகும். டிரெயினிங் ஷூ என்று கேட்டு வாங்குவதில் டிராப் பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. இருக்கும், அடி அகலமாக, குதிகால் கெட்டியாக இருக்கும். பக்கச்சுவருக்கும் பலம் கூட்டியிருப்பார்கள்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால்? ஜிம்மில் 20 நிமிடம் டிரெட்மில், மிஷின்கள், லேசான டம்பெல், காலையில் வாக்கிங் என்று போகிறவருக்கு மிதமான கெட்டித்தன்மை உள்ள நடை ஷூவோ ஓட்ட ஷூவோ போதும். பார்பெல்லில் ஏறக்குறைய தன் உடல் எடையையே தூக்கத் தொடங்கிவிட்டால், ஒரு தட்டைக் கேன்வாஸை ஜிம் பையில் தனியாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அளவில்தான் பெரும்பாலான தவறு

அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது என்று அந்த ஆய்வு சொன்னது. 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை முன்வைக்கப்பட்டதும் அதன் அடிப்படையில்தான். கடைகளில் நம் கைக்கு வருவது இன்னமும் பெரும்பாலும் யு.கே. அளவு.

இதனால் நடப்பது என்ன? அகலம் பிடிக்கிறது என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். ஒரு யு.கே. சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். ஷூ மடங்கும் இடம் பாதம் மடங்கும் இடத்துக்கு முன்னால் போய்விடும், குதிகால் உள்ளே வழுக்கும், கொப்புளம் வரும். விரல்கள் தரையைப் பற்றுவதுபோல் மடங்கியே இருக்கும். சரியான வழி, அதே நீளத்தில் அகலமான வகையைக் கேட்பது. ஆண்களுக்கு வழக்கமான அகலம் டி, அகலமானது 2இ, இன்னும் அகலம் 4இ. பெண்களுக்கு பி வழக்கம், டி அகலம். எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் கேட்பவர்கள் கூடினால்தான் வைப்பார்கள்.

அளக்க வேண்டியது மாலையில். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் வீங்கிச் சற்றே பெரிதாகியிருக்கும். சுவரில் குதிகால் ஒட்டும்படி காகிதத்தின் மேல் எழுந்து நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடவும். சிலருக்கு அது கட்டைவிரலுக்கு அடுத்த விரல். இரண்டு காலையும் அளந்து, பெரிதாக இருப்பதை எடுத்துக்கொண்டு, அதோடு 10 முதல் 12 மி.மீ. இடம் விடவும். ஷூ நாக்கின் உள்பக்க லேபிளில் செ.மீ. அளவு இருக்கும், யு.கே. எண்ணைவிட அதை நம்பலாம். ஒரே யு.கே. 8 ஒரு நிறுவனத்தில் 26.5 செ.மீ., இன்னொன்றில் 27 செ.மீ.

கடையில் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பாதத்தின் ஓரம் வழிந்து வெளியே நின்றால் அந்த ஷூ சிறு விரலை நெருக்கப்போகிறது. பிறகு ஷூவின் மூக்கையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் வாங்க வேண்டாம். குதிகாலைச் சுற்றிய பின்சுவரை இரு விரலால் நெருக்கினால் எளிதில் ஒட்டக் கூடாது. ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கும்போது சிறிது எதிர்ப்பு வேண்டும். கடைசியாக, மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் 20 விநாடி. தள்ளாடுகிறதென்றால் உங்களுக்கு அந்த ஃபோம் அதிகம். 'ஃபர்ஸ்ட் காப்பி' சரக்கு இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தோற்றுவிடும். வெளித்தோற்றத்தை நகலெடுப்பது சுலபம், மிட்சோலை நகலெடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

நனைந்த பாதத்தின் தடத்தைப் பார்த்து, தட்டைப்பாதம் என்றால் இந்த ஷூ, உள்ளங்கால் வளைவு உயரம் என்றால் அந்த ஷூ என்று விற்பது இன்னமும் நடக்கிறது. அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சி வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வளைவுக்கேற்ற ஷூ கொடுத்த பிரிவுக்கும், எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்த பிரிவுக்கும் காயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் குழுவினர் 2015-ல் முன்வைத்த வாதம், காலுக்கு இதமாக இருப்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது. வலியில்லாத தட்டைப்பாதக்காரருக்கு நம் பரிந்துரையும் அதுவே. ஆனால் அந்த இதத்தைக் கடை நாற்காலியில் உட்கார்ந்து அளக்கக் கூடாது. கடையின் கெட்டித் தரையில் பத்து நிமிடமாவது நடந்து பார்க்க வேண்டும்.

எடை கூடினால் மென்மையும் கூட வேண்டும் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. லக்ஸம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், கெட்டி மிட்சோல் அணிந்தவர்களுக்குக் காயம் கூடுதல்தான். ஆனால் மென்மையால் தெளிவாகப் பயனடைந்தவர்கள் எடை குறைந்தவர்கள். கனமான உடம்பு மென்ஃபோமை அடிவரை நசுக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் அகலமான அடியும் நடுத்தரக் கெட்டியும் உள்ளதைப் பார்ப்பது மேல்.

கூடுதல் கவனம் யாருக்கு?

வயதானவர்களுக்குத் தடித்த, புசுபுசுவென்ற சோல் நல்லதென்று பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறார்கள். தரை எங்கே இருக்கிறது என்பதைப் பாதம் உணர்ந்துதான் உடம்பு நிலைகொள்கிறது. நடுவே மெத்தை வந்தால் அந்தச் செய்தி மங்கிவிடும், படியிறங்கும்போது தடுமாறுவார்கள். அவர்களுக்கு மெல்லிய, சற்றுக் கெட்டியான, வழுக்காத அடி போதும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு இதம் என்ற அளவுகோலே செல்லாது. இறுக்கமான ஷூகூட அவர்களுக்கு 'கச்சிதமாக' தோன்றும். கண்ணாலும் அளவுகோலாலும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தையல் மேடு, கல், துருத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் பாதத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கவும். புண் வந்து ஆறியவர்கள் கடை ஷூவைத் தேடுவதைவிட, மருத்துவர் சொல்லும், நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர் காலணிக்குப் போவது நல்லது.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறவர்கள் விலையுயர்ந்த ஷூ வாங்கியும் குறையவில்லை என்பார்கள். ஷூ காலில் இருப்பது 45 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்கால். வீட்டுக்குள் போட ஒரு சுத்தமான, குதிகால் தாங்கும் செருப்பு அவர்களுக்கு ஷூவைவிட அவசரம்.

எப்போது மாற்றுவது?

பொதுவாக 500 முதல் 800 கி.மீ. தினம் 5 கி.மீ., வாரம் ஆறு நாள் என்றால் 30 கி.மீ.; நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அடி ரப்பர் தேயாமல் இருக்கிறதே என்று தொடர்கிறோம். மிட்சோல் அதற்கு முன்பே செத்திருக்கும். பக்கவாட்டுப் பட்டையில் படுக்கைக் கோடுகளாகச் சுருக்கம் விழுந்து, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அதுதான் அடையாளம்.

ஆயுளைக் குறைப்பதில் நம் வீட்டு வாசலுக்கும் பங்குண்டு. ஷூவை வெளியே விடும் பழக்கம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் லேஸ் அவிழ்க்கச் சோம்பி, பின்பக்கத்தை மிதித்து நுழைக்கிறோம். பின்சுவர் உடைந்த ஷூவில் குதிகாலுக்குப் பிடிமானமே இருக்காது. மழையில் நனைந்தால் இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காயவைக்கவும். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். உச்சி வெயிலும், வெயிலில் நிறுத்திய காரும் சோலை ஒட்டிய பசையை இளக்கிவிடும்.

குதிகால் வழுக்கினால் புது ஷூ வாங்குவதற்கு முன் மேலே தனியாக இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்திப் பாருங்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டுச் சிறு வளையம் விடவும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு இரு நுனிகளையும் கீழ்நோக்கி இழுத்து முடிச்சிடவும். இதற்குப் பிறகும் குதிகால் எழும்பினால் அந்த ஷூ நீளம் அதிகம்.