பாட்டியைவிட வயதில் இளைய பாறை

பில்பாவோ நகரில் மெட்ரோ ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கெச்சோ வந்துவிடும். அங்கிருந்து கடற்பக்கமாக நடந்தால் வீடுகள் தீர்ந்து புல்வெளி தொடங்கும். அந்தப் புல்வெளி சட்டென்று ஒரு செங்குத்துச் சரிவில் முடிந்துபோகும். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு மணல்வெளி. கொர்ரோண்டாச்சே என்று பெயர், அஸ்கோர்ரி என்றும் சொல்வார்கள். வட ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சான் செபஸ்தியானின் பொன்மணலைத் தேடித்தான் போகிறார்கள். இங்கே மணல் பொன்னிறம் இல்லை. அடுப்புச் சாம்பலில் கரியைக் கலந்தது போலக் கருஞ்சாம்பல் நிறம்.

அதன் தென்மேற்கே, கலேயா முனைக்குப் போகும் வழியில், இன்னும் சிறிய ஒரு ஒதுக்கிடம் இருக்கிறது. பெயர் டூனெல்போகா, அதாவது சுரங்கவாய். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் இங்கே போக வேண்டும். இந்தக் கரையில் பெரிய ஓதங்களின்போது நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நீர் வற்றினால் கருமையும் துருவேறிய செம்மையும் கலந்த ஒரு கல்மேடை வெளியே தெரியும். பார்வைக்குச் சாதாரணப் பாறைதான். ஏறி நடக்கலாம், விழுந்தால் முழங்கால் பெயரும்.

கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பாறைக்குள் உருண்டை உருண்டையாகக் கருங்கற்கள். சிலவற்றில் ஆப்பத்தில் இருப்பது போலக் குட்டிக் குட்டித் துளைகள். அதை ஒட்டி முனை மழுங்கிய ஒரு செங்கல் துண்டு. கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிச் சில்லு. இன்னொரு இடத்தில் பிளாஸ்டிக். எல்லாவற்றையும் சுற்றி மெல்லிய வெண்மையான பற்று, கூடவே துருக்கறை. மேலே கொட்டி ஒட்டியவை அல்ல இவை. பாறையே இவற்றால் ஆனது.

பாறை என்றாலே கோடி வருடம், லட்சம் வருடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். பிளாஸ்டிக் பரவலாக ஊருக்குள் வந்ததே இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான். அதைக் கவ்விக்கொண்டிருக்கும் பாறை அதற்கும் பிறகுதான் இறுகியிருக்க முடியும். நம் பாட்டிமார் பலருடைய வயதைவிடக் குறைவு.

முதலில் அந்தத் துளைக்கற்கள் எங்கிருந்து வந்தன? அவை இரும்புச் சிட்டம். பில்பாவோவைச் சுற்றியுள்ள மலைகளில் நல்ல இரும்புத் தாது கிடைத்தது. அதில் பாஸ்பரஸ் குறைவு என்பதால், 1856-இல் பெஸ்ஸமர் எஃகு முறை வந்தபிறகு அதற்குக் கிராக்கி ஏறியது. கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது போக, உள்ளூரிலேயே நெர்பியோய் ஆற்றங்கரையில் உலைகள் எழுந்தன. 1902-இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஆல்டோஸ் ஓர்னோஸ் தே பிஸ்காயா என்ற பெரிய ஆலை உருவானது. பரகால்டோவிலும் செஸ்தாவோவிலும் அதன் ஊதுலைகள் இரவு பகலாக எரிந்தன.

ஊதுலையில் தாதுவோடும் கோக் கரியோடும் சுண்ணாம்புக்கல்லையும் போடுவார்கள். தாதுவில் இரும்பு மட்டும் இல்லையே, மண்ணும் மணலும் கலந்துதான் வரும். உலைச் சூட்டில் சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அது மணலில் இருக்கும் சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுக் குழம்பாக உருகுகிறது. இரும்புக் குழம்பின் அடர்த்தியில் பாதிகூட இதற்குக் கிடையாது. அதனால் ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போல இது மேலே நிற்கும், இரும்பு அடியில் தங்கும். மேலே நிற்பதை வழித்துவிட வேண்டும். ஆறினால் அதுதான் சிட்டம். உள்ளே மாட்டிக்கொண்ட வாயு விட்டுப்போன அடையாளம்தான் அந்த ஆப்பத் துளைகள். இன்றைய நவீன உலையிலேயே ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 கிலோ சிட்டம் சேர்கிறது. பழைய உலைகளில் அதைவிட அதிகம்.

இவ்வளவையும் எங்கே கொட்டுவது? அந்தக் காலத்தில் பலரும் கண்ட வழிதான்: கடல். அடிப்பக்கம் திறக்கும் படகுகளில் ஏற்றி, ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதி இது நடந்தது. கண்ணில் படாததால் கணக்கு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

கடல் அப்படிக் கணக்கை முடிப்பதில்லை. பிஸ்காய் விரிகுடாவில் பெரிய அலைகள் வடமேற்கிலிருந்து வருகின்றன, அட்லாண்டிக் புயல்கள் கிளப்பிவிடுபவை. கரையை நேராக அல்லாமல் சாய்வாக அடிப்பதால், ஒவ்வொரு அலையும் மணலைச் சற்றே கிழக்குப் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போகும். முகத்துவாரத்தை அடுத்த கலேயா முனையைத் தாண்டிக் கிழக்கே முதலில் இருப்பவை டூனெல்போகாவும் கொர்ரோண்டாச்சேவும்தான். சிட்டத்தின் அடர்த்தியும் சாதாரண மணலின் அடர்த்திக்குக் கிட்டத்தட்டச் சமம். எது இயற்கை மணல், எது ஆலைக் கழிவு என்று அலைக்குப் பேதம் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி உருட்டி, ஒரே மாதிரி அரைத்து, கரையில் கொண்டுவந்து சேர்த்தது. மணல் கறுத்த கதை இதுதான்.

சரி, மணல் வந்தது. அது பாறையானது எப்படி? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

போர் தண்ணீர் வரும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரியும். வாளியின் உட்புறம், குழாயின் மூக்கு, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடி என்று எங்கே பார்த்தாலும் வெள்ளையாக ஒரு பற்று ஏறும், சுரண்டினாலும் லேசில் வராது. அது கால்சியம் கார்பனேட். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அந்த வாயு இருக்கும்வரை நீரால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். காய்ச்சினாலோ காற்றாட விட்டாலோ வாயு ஓடிவிடும். நீருக்குச் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி போய்விடும். உடனே அது படிகமாக வெளியே வந்து, கையில் அகப்பட்ட பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கடற்கரை மணலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கொர்ரோண்டாச்சேவின் சரிவுகளே சுண்ணாம்பு கலந்த பாறைகள். அவற்றின் வழியே கசியும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கரைமணலுக்குள் இறங்குகிறது. கடல்நீரிலும் கால்சியம் ஏராளம். சிட்டத்திலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையைக் கூட்டிவிடும், காரம் கூடினால் படிவது இன்னும் சுலபம். நீர் வற்றும்போது மணலுக்குள் காற்று புகும், கரியமில வாயு வெளியேறும், ஈரம் ஆவியாகும். மணலில் வாழும் நுண்ணுயிர்களும் தம் பங்குக்கு நீரின் வேதியியலை மாற்றுகின்றன.

வடிந்துபோன மணலில் கடைசி ஈரம் எங்கே தங்கும்? இரண்டு மணிகள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில். ஈரக் கையில் இரண்டு கோலிக்குண்டுகளை ஒட்ட வைத்துப் பாருங்கள். தொடும் இடத்தில் மட்டும் நீர் வளையமாக நிற்கும், பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கும். மணலிலும் அப்படியே. கடைசி நீர் நிற்கும் அந்த இடத்தில்தான் கடைசிச் சுண்ணாம்பும் படிகிறது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பசை தடவியது போல. பல நேரங்களில் அது அரகோனைட் என்ற வடிவில், ஊசி ஊசியாக, மணியின் மேல் முடி முளைத்தது போல வளரும். எதிரெதிர் மணிகளின் ஊசிகள் கோத்துக்கொண்டால் அப்புறம் பிரிக்க முடியாது.

ஒரு ஓதத்தில் படிவது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. வருடத்துக்குச் சுமார் 705 முறை நனைத்து உலர்த்தல். முப்பது வருடத்தில் இருபத்தோராயிரம் பூச்சு. கொத்தனார் ஒருவர் இத்தனை முறை பூசினால் சுவர் நிற்காமல் என்ன செய்யும்?

இப்படி உருவாகும் கல்லைப் புவியியலாளர்கள் கரைப்பாறை என்கிறார்கள், ஆங்கிலப் பெயர் பீச் ராக். நமக்கு இது புதிதல்ல. ராமேசுவரத்திலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் இலங்கைக் கரையோரத்திலும் பார்க்கலாம். வெயில் காயும் கரைகளில்தான் இது பெரும்பாலும் உருவாகும். பாஸ்க் கரை இருப்பதோ வடக்கு அட்சரேகை 43 பாகையில், அடிக்கடி மழையும் குளிரும் வீசும் இடத்தில். அங்கே இப்படி ஒரு மேடை எழுந்ததுதான் ஆய்வாளர்களை முதலில் இழுத்தது.

இன்னொன்று. இந்தப் பாறை மணலின் மேற்பரப்பில் இறுகுவதில்லை. ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில், மேலே மணல் மூடியிருக்க, அசைவில்லாத அடிமணலில் இறுகுகிறது. மேலே இருப்பதைத்தான் அலை தினமும் கலைத்துக்கொண்டிருக்குமே. பிறகு ஒரு புயல் வந்து மேல்மணலை வாரிக்கொண்டு போகும்போது, ஏற்கெனவே தயாரான பாறை திடீரென்று வெளியே தெரிகிறது.

இந்தக் குட்டிப் பாறையிலிருந்து சற்று நடந்தால் கொர்ரோண்டாச்சே சரிவில் வேறொரு கடிகாரம் இருக்கிறது. அடுக்கடுக்காக, புத்தகத்தைச் சாய்த்து வைத்தது போல நிமிர்ந்து நிற்கும் அந்தப் படிவுகள் ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடித்தரை. ஆயிரம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் படிந்த சேறும், நீருக்கடியில் சரிந்து ஒரே மூச்சில் வந்து விழுந்த மணலும் மாறி மாறி வருகின்றன. ஐபீரியத் தட்டு ஐரோப்பாவோடு முட்டியபோது எல்லாம் மடங்கி மேலே வந்தது.

அந்த அடுக்குகளில் ஒன்றை, புவி வரலாற்றின் லுட்டீஷியன் காலம் தொடங்கும் எல்லையாக 2011-இல் உலகப் புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வயது 4 கோடியே 78 லட்சம் வருடம். லுட்டீஷியா என்பது பாரிஸ் நகரத்தின் பழைய லத்தீன் பெயர். பாரிஸ் கட்டடங்களின் சுண்ணாம்புக்கல் அந்தக் காலத்தைச் சேர்ந்தது, ஆகவே அந்தப் பெயர். ஆனால் பாரிஸில் அப்போது இருந்தது ஆழமில்லாத கடல். அங்கே பதிவில் நடு நடுவே ஓட்டைகள். பாஸ்க் ஆழ்கடலில் பக்கம் கிழியாமல் இருந்ததால் எல்லைக்கல் இங்கே வந்தது. எல்லையைக் காட்டிக்கொடுப்பது பிளாக்கைட்டஸ் இன்ஃப்ளாட்டஸ் என்ற நுண்ணுயிரியின் சுண்ணாம்புத் தகடு. ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கும் மேல் அடுக்கலாம்.

அங்கே நுண்ணுயிரித் தகடு செய்யும் வேலையை இங்கே செங்கல்லும் பிளாஸ்டிக்கும் செய்கின்றன. உள்ளே இருப்பவற்றில் கடைசியாக உலகுக்கு வந்த பொருள் எதுவோ, பாறை அதைவிட மூத்ததாக இருக்க முடியாது. தர்க்கம் ஒன்றுதான். பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழக நுண்புதைபடிவ ஆய்வாளர் அலெஹாந்த்ரோ செயரேட்டா போன்றவர்கள் இந்தக் கரைகளை ‘ஆந்த்ரோபோசீன்’, அதாவது மனிதர் காலம், என்ற கண்ணோடு பார்ப்பது அதனால்தான். அப்படி ஒரு காலத்தை அதிகாரபூர்வமாக அறிவிக்கலாம் என்ற முன்மொழிவு 2024-இல் தள்ளுபடியானது. என் கணக்கில் அதனால் இந்த மேடைக்கு எந்தக் குறைவும் இல்லை. பெயர் வைக்காவிட்டாலும் செங்கல் உள்ளே இருக்கிறதே.

1996-இல் ஆலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே ஆற்றங்கரையில், நகருக்குள், குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. உலகம் அதைப் பார்க்கப் போனது. செஸ்தாவோவில் ஒரு ஊதுலையை மட்டும் நினைவுச்சின்னமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

சிட்டம் வருவது நின்றுவிட்டதால் கரையின் வரவுசெலவும் மாறிவிட்டது. முன்பு அலை கொண்டுவந்து கொட்டியது. இப்போது மேடையின் விளிம்பைக் கடிக்கிறது. அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேல்பகுதி தொங்கி, ஒரு நாள் முறிந்து விழுகிறது. பார்க்கப் போகிறவர்கள் விளிம்பின் கீழோ சரிவின் கீழோ உட்காராமல் இருப்பது நல்லது. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்கி, நீர் திரும்புமுன் ஏறிவிடவும் வேண்டும்.

முறிந்த துண்டுகளைக் கடல் மறுபடி உருட்டுகிறது. முதலில் சுண்ணாம்புப் பசை விடும், பிறகு மணி தனியே, சிட்டம் தனியே, செங்கல் தனியே. நீர் வற்றிய பிறகு மேடையின் ஓரத்தில் குனிந்து தேடினால், முனையெல்லாம் தேய்ந்து முட்டை போலாகிவிட்ட சிவப்புக் கூழாங்கல் ஒன்று கிடைக்கலாம். உடைத்துப் பார்த்தால்தான் அது செங்கல் என்று தெரியும்.